மழைக்காலத்தில் ரஃபில் புதைந்த பந்துக்கும் ரிலீஃப் வேண்டும்: கோல்ஃப் கிளப் போட்டிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு லோக்கல் ரூல், அதாவது நம் கிளப்புக்கு மட்டுமான விதி, ஒட்டினீர்கள். ஃபேர்வே (குட்டையாக வெட்டிய நடுப்பாதை) அளவுக்கோ அதற்கும் குட்டையாகவோ வெட்டிய புல்லில் பந்து புதைந்தால்தான் பெனால்டி இல்லாத ரிலீஃப், அதாவது பந்தை எடுத்து வேறிடத்தில் போட்டு ஆடும் சலுகை, உண்டு; ரஃபில் (ஓரத்து உயரமான புல்லில்) புதைந்தால் கிடையாது என்று அதில் இருந்தது. மழை ஓயும் வரை அமலில் இருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த முடிவை எதிர்த்துத்தான் இந்த மடல். கிளப்ஹவுஸில் பேசிப் பார்த்தோம், குறைப் புத்தகத்தில் எழுதியும் வைத்தோம். பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எஃப்-2.1 என்ற மாதிரி லோக்கல் ரூல் விதிகளோடு வரும் கமிட்டி வழிகாட்டியிலேயே இருக்கிறது, அதை அமல்படுத்தக் கமிட்டிக்கு உரிமை உண்டு. எந்தத் தரையில், எந்தப் பருவத்தில் அதை அமல்படுத்தினீர்கள் என்பதுதான் என் கேள்வி. வருடத்திலேயே பந்து அதிகம் புதையும் மாதங்களில், புதைந்த பந்துக்கான ரிலீஃபைப் பறித்திருக்கிறீர்கள். தரை காய்ந்து கல்லாகக் கிடந்தபோது இந்த விதி இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்தே இருக்காது.

2019க்கு முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது. பழைய விதி 25-2 குட்டையாக வெட்டிய புல்லுக்கு மட்டுமே ரிலீஃப் கொடுத்தது, ரஃபுக்கும் வேண்டுமென்றால் கமிட்டி தனியாக ஒரு லோக்கல் ரூல் போடவேண்டும். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் அதை வழக்கமாகவே போட்டுவந்தார்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் 2019இல் விதிப்புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது அந்த விதிவிலக்கையே பொது விதியாக்கினார்கள். இன்றைய விதி 16.3, ஜெனரல் ஏரியா (ஃபேர்வேயும் ரஃபும் சேர்ந்த பொதுப் பகுதி) முழுவதிலும் புதைந்த பந்துக்கு ரிலீஃப் தருகிறது. நீங்கள் ஒட்டிய ஒரு தாள் எங்களை மறுபடி 2018க்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. பொது விதியை விட்டு விலகுவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை.

வாய்வழியாக எங்களுக்கு வந்த காரணங்கள் மூன்று. ரஃப் என்பதே தண்டனைக்குத்தான், அங்கே சலுகை எதற்கு என்பது முதலாவது. ரிலீஃபைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது இரண்டாவது. ஆட்டம் மெதுவாகிறது என்பது மூன்றாவது. பதில் சொல்வதற்கு முன்பு, சென்ற மாதாந்திர மெடலில் (கிளப்பின் மாதப் போட்டியில்) எங்கள் குரூப்பில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களோடு ஆடியவர்களில் ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல். இடப்பக்கம் சரியும் அந்த நீளமான பார் 4இல் (நான்கு அடியில் முடிக்கவேண்டிய ஹோலில்) அவருடைய டிரைவ் (முதல் அடி) நன்றாகத்தான் எழும்பியது. உயரமாகப் போய் ஃபேர்வேயின் ஓரத்துக்கு வெளியே ரஃபில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் பந்தின் மேல்பாதி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. சுற்றிலும் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சேறு பிதுங்கி நிற்கிறது. இரண்டு மூன்று புல் இதழ்கள் பந்துக்கு அடியில் மடங்கி அழுந்திக் கிடக்கின்றன. அங்கிருந்து ஃபேர்வேயின் விளிம்பு இரண்டடி தூரம் இருக்கலாம். விளிம்புக்கு அந்தப் பக்கம், கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில், அவருடைய மார்க்கரின் (அவர் ஸ்கோரை எழுதும் உடன் ஆட்டக்காரரின்) பந்தும் புதைந்திருந்தது. மார்க்கர் குறி வைத்தார், எடுத்தார், துடைத்தார், நல்ல புல்லில் வைத்தார், குழி இருக்கும் கிரீனைப் பார்த்து அடித்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்ஜ் என்ற மட்டையை எடுத்து ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டு தாங்காது என்றார். "சரி, அன்ப்ளேயபிள்னு எழுதிக்குங்க" என்று சொல்லி, ஆட முடியாத பந்தாக அறிவித்து ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி) பெனால்டியோடு பந்தை எடுத்தார்.

அடித்த அடியில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு ஒன்றும் குறையவில்லை, இன்னொருவருக்கு ஒரு ஸ்ட்ரோக் போயிற்று. நடுவில் இருந்தது புல்வெட்டும் இயந்திரம் போட்ட கோடு மட்டும்தான்.

சரி, முதல் காரணத்துக்கு வருகிறேன். ரஃப் தண்டனைக்குத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்டனை உயரமான புல். ரஃபில் புதைந்த பந்துக்கு 16.3 தரும் ரிலீஃப் என்ன என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். பந்து புதைந்த இடத்துக்கு நேர் பின்னால் உள்ள புள்ளியிலிருந்து ஒரு கிளப் (மட்டை) நீளத்துக்குள், கிரீனில் உள்ள ஹோலுக்குக் கிட்டே போகாமல், ஜெனரல் ஏரியாவுக்குள், முழங்கால் உயரத்திலிருந்து டிராப் செய்ய (பந்தைக் கீழே விட) வேண்டும். அவ்வளவுதான். விளிம்பை ஒட்டி விழுந்த சில பந்துகளைத் தவிர, டிராப் செய்த பிறகும் ஆட்டக்காரர் அதே ரஃபில்தான் நிற்கிறார். பந்து புல்லுக்குள் அமுங்கலாம், லை (பந்து கிடக்கும் நிலை) மோசமாகவும் அமையலாம். ரஃபின் தண்டனை அப்படியே இருக்கிறது. ரிலீஃப் அகற்றுவது சேற்றுக் குழியை மட்டும்தான், அந்தச் சேறு கோர்ஸை வடிவமைத்தவர் வைத்த சோதனை அல்ல. வடிகால் சரியில்லாத இடத்தில் மழை வைத்தது.

விதியே தனக்கு வேலியும் போட்டிருக்கிறது. பங்கரில் (மணல்குழியில்) புதைந்தால் இந்த ரிலீஃப் கிடையாது, பெனால்டி ஏரியாவிலும் (குளம், ஓடை போன்ற இடங்களிலும்) கிடையாது. ஃபேர்வே அளவுக்கு வெட்டாத இடத்தில் மணலுக்குள் புதைந்தாலும் கிடையாது. புதருக்குள் மாட்டி, புதைந்திருப்பதைத் தவிர வேறு காரணத்தாலேயே அந்த அடி சாத்தியமில்லாமல் போனாலும் கிடையாது. முந்தைய அடியால் உண்டான தன் பிட்ச் மார்க்கிலேயே (விழுந்து உண்டான பள்ளத்திலேயே) பந்து இருக்கவேண்டும், அதில் ஒரு பகுதியாவது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். யாராவது மிதித்துப் புதைந்தால் அது 16.3இல் சேராது, மேலே எழும்பாமல் நேராகத் தரைக்குள் அடித்துச் செருகிய பந்தும் சேராது. ஏற்கெனவே இவ்வளவு கறாராக இருக்கிற விதிக்கு மேல் இன்னொரு பூட்டு எதற்கு?

கமிட்டியில் ஒருவர் "பந்து கிடக்கிற நிலையிலேயே ஆடணும், அதுதான் கோல்ஃப்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாக்கியம் விதிப்புத்தகத்தின் முதல் விதியில் இருக்கிறது, உண்மைதான். 16.3உம் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தை எழுதியவர்களேதான் அதையும் எழுதினார்கள்.

இந்த லோக்கல் ரூல் யாரைப் பிடிக்கிறது என்று யோசித்தீர்களா? டாப் ஆன (மேல்பாதியில் அடிபட்ட) பந்து தரையோடு உருண்டு போகும், அது புதையாது. சரியாக அடிபட்டு உயரமாகப் போகும் பந்துதான் செங்குத்தாக இறங்கிப் புதைகிறது. அப்படி மாட்டிக்கொண்ட பிறகு, கையில் பலமுள்ள இளைஞர் சேற்றோடு சேர்த்து வெட்டியாவது வெளியே எடுத்துவிடுவார். வயதானவர்கள், ஜூனியர்கள், மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி உள்ளவர்களால் முடியாது. அவர்களுக்கு ஆட முடியாத பந்துக்கான விதி 19ன்படி ஒரு ஸ்ட்ரோக்கைக் கொடுத்துவிட்டு எடுப்பதுதான் வழி. அப்புறம், வெட்டி எடுப்பவர்கள் கோர்ஸுக்கு என்ன செய்கிறார்கள் என்பதை உங்கள் புல்தரைப் பணியாளர்களிடம் கேளுங்கள். ஈரத் தரையில் புதைந்த பந்தை எடுக்க இறங்கும் வெட்ஜ், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மண்ணைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த அந்தத் துண்டைத் (டிவட்டைத்) திருப்பி வைத்து மிதித்தாலும் அது ஒட்டுவதில்லை, அடுத்த மழையில் அங்கே தண்ணீர் தேங்குகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொரு விஷயம். எஃப்-2.1ஐ ஒட்டிய அதே நோட்டீஸ் போர்டில், அதே நாட்களில், ஈ-3 என்ற ப்ரிஃபர்டு லைஸும் அமலில் இருந்தது. ஃபேர்வேயில் கிடக்கும் பந்தைக் குறி வைத்து எடுத்து, துடைத்து, குறிப்பிட்ட தூரத்துக்குள் நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ப்ரிஃபர்டு லைஸ் இருக்கும் நாளில், ஃபேர்வேயில் பந்து புதைந்தவருக்கு 16.3 பெரும்பாலும் தேவையே இல்லை, அவர் எப்படியும் பந்தை எடுத்துவைக்கப் போகிறார். அந்த நாளில் 16.3 உண்மையாகவே தேவைப்படுவது ரஃபில் இருப்பவருக்கு. உங்கள் இரண்டு நோட்டீஸ்களும் சேர்ந்து, தேவையில்லாதவருக்கு அந்த ரிலீஃபைக் கொடுத்து, தேவைப்படுபவருக்கு மறுத்துவிட்டன. நீங்கள் இதை வேண்டுமென்றே செய்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஸ்கோர்கார்டில் கையெழுத்துப் போடுவது நாங்கள்.

மழை வந்தால் ஃபேர்வேக்கும் ரஃபுக்கும் நடுவில் உள்ள கோடே அழிந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது வெட்டும் இயந்திரத்தை உள்ளே இறக்க முடியாது. சில நாள் விட்டாலே ஃபேர்வேயும் அதை ஒட்டிய முதல் கட் ரஃபும் ஒன்றுபோல வளர்ந்துவிடும். சென்ற மெடலன்று சில ஹோல்களில் எது ஃபேர்வே, எது ரஃப் என்று குனிந்து பார்த்தும் சொல்ல முடியவில்லை. எங்கள் குரூப் ரஃப் என்று முடிவுசெய்த அதே திட்டை ஃபேர்வே என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த குரூப் ரிலீஃப் எடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ரிலீஃப் உண்டா இல்லையா என்பதை அந்த வாரம் வெட்டப்படாத ஒரு புல்லின் உயரத்தில் தொங்கவிட்டது நீங்கள்.

ஆட்டம் மெதுவாவதற்கும் இதுதான் காரணம், ரிலீஃப் எடுப்பது அல்ல. புதைந்த பந்தைக் குறி வைத்து எடுத்து டிராப் செய்ய அரை நிமிடம் போதும். இந்த இடம் ஃபேர்வேயா ரஃபா என்று நாலு பேர் நின்று விவாதிக்க எவ்வளவு நேரமாகிறது? முடிவு எட்டாதவர்கள், ஸ்ட்ரோக் பிளேயில் (அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) விதி அனுமதிக்கிற மாதிரி, இரண்டு பந்தை ஆடி முடித்துவிட்டு உங்களிடம் வந்து நிற்கிறார்கள். அன்று மாலை ஸ்கோர் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசை உங்களுக்கும் நினைவிருக்கும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. ரஃபில் புதைந்ததற்கு ரிலீஃப் இல்லை, ஆனால் தற்காலிக நீருக்கு 16.1இல் ரிலீஃப் உண்டு. அதனால் பந்துக்குப் பக்கத்தில் நின்று காலை அழுத்தி அழுத்தித் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்க்கிறார்கள். தரை வெறுமனே ஈரமாகவோ சேறாகவோ மெத்தென்றோ இருந்தால் அது தற்காலிக நீர் ஆகாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. நிற்பதற்கு முன்போ நின்ற பின்போ, காலை அளவுக்கு மீறி அழுத்தாமல், மேற்பரப்பில் தேங்கிய நீர் கண்ணுக்குத் தெரியவேண்டும். நேர்மையாக ஆடுகிறவர்கள் மிதிக்கத் தயங்கி ஒரு ஸ்ட்ரோக்கை இழக்கிறார்கள், பூட்ஸைத் தரையில் போட்டுத் தேய்ப்பவர்கள் டிராப் வாங்கிவிடுகிறார்கள். ஏமாற்றைத் தடுக்கக் கொண்டுவந்த லோக்கல் ரூல், ஏமாற்றுபவருக்குத்தான் வழிவிட்டிருக்கிறது.

தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. உங்களில் சிலர் 2021 ஜனவரியில் டோரி பைன்ஸில் நடந்த தொழில்முறைப் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் பேட்ரிக் ரீட் ரஃபில் எடுத்த ரிலீஃபை உதாரணம் காட்டினீர்கள். பந்து புதைந்துவிட்டது என்று அவர் அதைக் குறி வைத்து எடுத்தார், அதிகாரி வந்து ரிலீஃப் கொடுத்தார். பந்து தரையில் பட்டு ஒருமுறை துள்ளியது, அதனால் புதைந்திருக்க வாய்ப்பு குறைவு என்று பிறகு தொலைக்காட்சிப் பதிவில் தெரிந்தது. தெரிந்த தகவலை வைத்து அவர் நடந்துகொண்டது விதிப்படிதான் என்று போட்டி அதிகாரிகள் சொன்னார்கள். ஆனாலும் பலர் மனதில் அது இன்றுவரை உறுத்துகிறது, எனக்கும்தான். அதிலிருந்து கற்க வேண்டியது நடைமுறையைப் பற்றி. புதைந்திருக்கிறதா என்று பார்க்கப் பந்தை எடுக்க 16.4 அனுமதிக்கிறது. எடுப்பதற்கு முன் குறி வைக்கவேண்டும், துடைக்கக் கூடாது, மீறினால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி. உடன் ஆடுபவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் 2019 முதல் இல்லை. ஆனாலும் கிளப் அளவில் அதை ஒரு நல்ல வழக்கமாகச் சொல்லிக்கொடுக்க முடியும். நீங்கள் அதைச் செய்யவில்லை. சென்ற மெடலில் உங்கள் சார்பாக வந்த மார்ஷல் (ஆட்டக் கண்காணிப்பாளர்), ரஃபில் பந்தைத் தொடவே கூடாது, பார்ப்பதற்கும் எடுக்கக் கூடாது என்று இரண்டு குரூப்பிடம் சொன்னார். தற்காலிக நீரா, எலிவளையா, ரிப்பேர் தரையா (பழுதென்று கமிட்டி குறியிட்ட இடமா) என்று பார்க்கவும் அதே 16.4தான் உதவுகிறது. அந்த அனுமதியை நீங்கள் ஒரு லோக்கல் ரூலாலும் நீக்கவில்லை, மார்ஷல் வாயாலேயே நீக்கிவிட்டார்.

ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமைக்கேற்ற அடிச் சலுகை) கணக்கில் இதெல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. உலக ஹேண்டிகேப் முறையில், அன்றைய ஆட்டச் சூழலுக்கு ஏற்ப மைனஸ் 1 முதல் பிளஸ் 3 வரை ஒரு திருத்தம் வரலாம். அது அன்று ஆடிய எல்லோருடைய ஸ்கோரையும் வைத்துப் பார்த்து எல்லோருக்கும் ஒரே அளவாகப் போடுவது. பந்து புதைந்தவருக்கும் புதையாதவருக்கும் அது ஒன்றுதான், இழந்த ஸ்ட்ரோக் திரும்பி வராது.

குறிப்பிட்ட ஏதோ ஓர் இடத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறது என்றால் அந்த இடத்துக்கு மட்டும் விதி போடுங்கள். பங்கருக்கு மேலே புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவரில் புதையும் பந்துக்கு ரிலீஃப் மறுக்க எஃப்-2.2 இருக்கிறது. அதை நீங்கள் போட்டால் நானே ஆதரிப்பேன். கோர்ஸ் முழுவதையும் ஒரு கயிற்றில் கட்டவேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

எஃப்-2.1ஐ அடுத்த போட்டிக்கு முன்பு விலக்குங்கள், 16.3 புத்தகத்தில் உள்ளபடியே நடக்கட்டும். இது முதல் கோரிக்கை, மற்றவற்றைவிட முக்கியமானதும் இதுதான். விலக்க முடியாது என்றால், கமிட்டி கூடி எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் நோட்டீஸ் போர்டில் போடுங்கள். வாய்வழிக் காரணங்கள் ஆளுக்கு ஒன்றாக மாறுகின்றன.

எப்போதும் நீர் கோக்கும் திட்டுகளையும், வெட்டி எடுத்த குழிகள் நிறைந்த இடங்களையும் போட்டி நாள் காலையில் ரிப்பேர் தரையாகக் குறியிட்டு வையுங்கள். அங்கே புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிற பந்துகளுக்கும் அது உதவும். ரஃபில் புதைந்த பந்தை மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அது தொலைந்த பந்து, பெனால்டியோடு பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். 16.3 அங்கே காப்பாற்றாது. குறியிட்ட ரிப்பேர் தரைக்குள் பந்து நின்றது உறுதியாகவோ ஏறக்குறைய உறுதியாகவோ தெரிந்தால் 16.1 காப்பாற்றும்.

ப்ரிஃபர்டு லைஸ் போடுவதாக இருந்தால், முதல் குரூப் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சென்ற மெடலில் முதல் சில குரூப்புகள் போன பிறகுதான் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. முன்னால் போனவர்கள் சேறு ஒட்டிய பந்தோடு ஆட, பின்னால் வந்தவர்கள் துடைத்து ஆடினார்கள். ஒரே போட்டியில் இரண்டு விதி இருக்கக் கூடாது. எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தூரத்துக்குள் வைக்கலாம், எந்தத் தேதிவரை என்று முழு வாசகத்தையும் எழுதுங்கள். "ப்ரிஃபர்டு லைஸ் உண்டு" என்ற ஒற்றை வரி போதாது.

மார்ஷல்களுக்கும் ஸ்டார்ட்டருக்கும் 16.1, 16.3, 16.4 மூன்றையும் ஒருமுறை உட்கார்த்திச் சொல்லிக்கொடுங்கள். உறுப்பினர்களுக்கும் ஒரு மாலை அதையே தரையில் பந்தைப் புதைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது, ஏற்பாட்டு வேலையில் நாங்கள் உதவத் தயார்.

சென்ற மெடலின் முடிவை மாற்றச் சொல்லவில்லை. விதி அமலில் இருந்தது, அதன்படி ஆடினோம், கோப்பை வாங்கியவருக்கு அது உரியது. ஆனால் அந்த முழு மழைக்காலப் போட்டித் தொடரின் மீதிச் சுற்றுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதிக்கு முன்பு உங்கள் பதில் நோட்டீஸ் போர்டில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த விதியில் ஆடப்போகிறோம் என்று தெரிந்த பிறகு பெயர் கொடுக்கலாம் என்று எங்களில் பலர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மாதாந்திர மெடலில் ஆடும் ஓர் உறுப்பினர்